ரவி வர்மாவுக்கு மறைவாகச் சொல்லிக் கொடுத்த ஆறுமுகம் பிள்ளை



பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். "ஐயா, பாட்டி வீட்டுச் சாமி அறையில் இருந்த லட்சுமி படம். ஓரத்தில் ரவி வர்மா பெயர் இருக்கிறது. அவர் கையால் வரைந்ததா?" என்று கேட்டிருந்தார். அது அச்சகத்தில் பல பிரதிகளாக அடித்த படம், அவர் வரைந்த அசலைப் பார்த்து அச்சிட்டது என்று பதில் போட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அவருக்கு யார் ஐயா வரையக் கற்றுக் கொடுத்தார்கள்?" பத்தாம் வகுப்பிலேயே கேள்வி கேட்டு என்னை விடாத பிள்ளை அவர். இதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ரவி வர்மா 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரில் கிளிமானூர் என்ற ஊரில் பிறந்தார். அரச குடும்பத்தோடு மண உறவு கொண்ட குடும்பம். சின்ன வயதிலேயே கரித்துண்டை எடுத்துச் சுவரில் விலங்குகளையும் மனிதர்களையும் கிறுக்குவார். நம் வீடுகளில் பிள்ளைகள் சுவரில் கிறுக்கினால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு அடி விழவில்லை. அவருடைய மாமா ராஜ ராஜ வர்மா தாமே ஓவியர். பையனின் கையில் சரக்கு இருக்கிறது என்று கண்டுகொண்டு முதல் பாடங்களைச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தமிழ்நாட்டு ஓவியர். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் மதுரையிலிருந்து திருவனந்தபுரம் அவைக்குப் போயிருந்த அழகிரி நாயுடு. ஆக, ரவி வர்மா தூரிகையைக் கையில் எடுப்பதற்கு ஒரு தலைமுறை முன்பே மதுரையின் கைவேலை அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

பதினான்கு வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். ஆயில்யம் திருநாள் மகாராஜா பையனின் படங்களைப் பார்த்துவிட்டு, தங்கிக் கற்கும்படி சொன்னார். அரண்மனையில் மேல்நாட்டு ஓவியங்களின் அச்சுப்படங்கள் அடங்கிய புத்தகங்கள் இருந்தன. பார்க்க நிறைய இருந்தது. ஆனால் கற்றுக்கொள்ள ஒரு பெரிய தடை இருந்தது. அது எண்ணெய் வண்ணம்.

எண்ணெய் வண்ணத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் அதுவரை இருந்தவை பெரும்பாலும் நீரில் கரைத்துப் பிசின் சேர்த்த வண்ணங்கள். பூசியவுடன் காய்ந்துவிடும். தவறினால் திருத்த நேரம் கிடையாது. எண்ணெய் வண்ணம் வேறு மாதிரி. வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்துக் குழைப்பார்கள். அது நாள் கணக்கில் மெதுவாகக் காயும். அதற்குள் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைத்துவிடலாம். கன்னத்தில் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியாமல் காட்டலாம். ஒரு மனிதரின் முகத்தை, தோலின் ஈரம் தெரிய, பட்டின் பளபளப்பும் நகையின் மினுக்கும் தெரிய வரைய வேண்டுமானால் இதற்கு ஈடு அப்போது வேறில்லை.

ஆனால் இதில் சூட்சுமம் அதிகம். கித்தான் துணியை அப்படியே வைத்து வரைந்தால் எண்ணெய் துணியை அரித்துவிடும். முதலில் பசையும் வெள்ளைப் பூச்சும் கொடுக்க வேண்டும். நம்மில் பெயின்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரியும், பிரைமர் அடிக்காத சுவர் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். அடியில் பூசும் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து, அடியில் இருப்பது பிறகு காயும்போது படம் முழுக்க விரிசல் விடும். இதையெல்லாம் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முடிந்த படம் தான் எப்படி உண்டானது என்பதைச் சொல்லாது. யாராவது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்.

திருவிதாங்கூர் அரண்மனையில் அதைத் தெரிந்தவர் ராமசுவாமி நாயக்கர். அவரும் மதுரைக்காரர். அரண்மனை ஓவியர். ரவி வர்மாவுக்குக் கற்றுக்கொடுக்க அவர் மறுத்துவிட்டார். இந்தப் பையன் நாளை தனக்குப் போட்டியாக வந்துவிடுவான் என்று அவர் கருதினார்.

நாயக்கரிடம் ஆறுமுகம் பிள்ளை என்று ஒரு மாணவர் இருந்தார். குருவுக்குத் தெரியாமல் ரவி வர்மாவிடம் வந்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வண்ணம் குழைப்பது எப்படி, தூரிகை பிடிப்பது எப்படி என்ற அடிப்படைகள் ரவி வர்மாவுக்குக் கிடைத்தது இவரிடமிருந்து.

1868இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் உருவப்படம் வரைய வந்தார். அவரும் கற்றுக்கொடுக்க விரும்பவில்லை. மகாராஜா சொன்னதற்காக, தான் வரையும்போது பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவி வர்மாவுக்கு அப்போது இருபது வயது. ஜென்சன் எந்த நிறத்தை முதலில் வைக்கிறார், எந்த இடத்தில் கை நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டார். ஆறுமுகம் பிள்ளை சொன்ன அடிப்படை இல்லாதிருந்தால் அந்தப் பார்வை அவருக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்துத் தெரியாதவன் புத்தகத்தை வெறித்துப் பார்ப்பது போலத்தானே!

இப்படித் தொழிலை ஒளித்து வைப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எண்ணெய் வண்ணம் இத்தாலியில் பரவியதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. சிசிலித் தீவின் மெசினா நகரில் சுமார் 1430இல் பிறந்தவர் அந்தோனெல்லோ. உருவப்படங்களுக்குப் பெயர் பெற்றவர். அவர் காலத்து இத்தாலியில் ஒருவரை வரைந்தால் காசில் பொறித்த தலை போலப் பக்கவாட்டில்தான் பெரும்பாலும் வரைவார்கள். அந்தோனெல்லோ முகத்தை முக்கால் பாகம் நம் பக்கம் திருப்பினார். பின்னணியை இருட்டாக்கினார். படத்தில் இருப்பவரின் கண் நேராக நம்மைப் பார்க்கும். வணிகரோ போர்வீரரோ, அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பது போல இருக்கும். எண்ணெய் வண்ணத்தின் மென்மையான நிழல்தான் அதைச் செய்து காட்டியது. 1475, 1476 ஆண்டுகளில் அவர் வெனிஸில் தங்கி வேலை செய்தார். ஜொவான்னி பெல்லினி போன்ற வெனிஸ் ஓவியர்களின் வேலையில் அதன் தாக்கம் தெரிகிறது.

அவர் இந்த வித்தையை எங்கே கற்றார்? 1550இல் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து வெளியிட்ட ஜோர்ஜோ வசாரி ஒரு கதை சொல்கிறார். அந்தோனெல்லோ பிளாண்டர்ஸ் நாட்டுக்குப் போய் யான் வான் ஐக்கிடம் ரகசியத்தைக் கற்று வந்தாராம். அதை வெனிஸில் டொமெனிகோ என்பவருக்குச் சொல்ல, அவரிடமிருந்து தெரிந்துகொண்ட அந்திரேயா தெல் காஸ்தாஞோ பொறாமையால் அவரைக் கொன்றே விட்டாராம். சினிமா தோற்கும். ஆனால் வரலாற்று வகுப்பில் நான் உங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது நினைவிருக்கிறதா? கதையைக் கேட்டதும் முதலில் ஆண்டைப் பார். வான் ஐக் இறந்தது 1441இல். அப்போது அந்தோனெல்லோ சின்னப் பையன். காஸ்தாஞோ இறந்தது 1457இல், டொமெனிகோ இறந்தது 1461இல். கொன்றவர் என்று சொல்லப்பட்டவர், கொல்லப்பட்டவருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்!

உண்மையில் அந்தோனெல்லோ பயின்றது நேப்பிள்ஸ் நகரில், கொலந்தோனியோ என்ற ஓவியரின் பட்டறையில். அந்த ஊர் மன்னர் அல்போன்சோவிடம் பிளாண்டர்ஸ் ஓவியங்கள் இருந்தன. பட்டறையில் ஆசிரியர், அரண்மனையில் அயல்நாட்டுப் படம். இரண்டும் சேர்ந்துதான் அவரை உருவாக்கின. கொலந்தோனியோவின் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? சாதாரணமாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியரை விட்டுவிட்டு, திருட்டையும் கொலையையும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது.

நம் கதைக்கு வருவோம். 1870இல் கோழிக்கோட்டில் கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தை வரைந்தது ரவி வர்மா கூலி வாங்கிக்கொண்டு செய்த முதல் உருவப்படம். கூலிக்கு வரைவது அரச வழி வந்தவருக்கு அழகல்ல என்று நினைத்த காலம் அது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் படத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. அடுத்து, சரபத் என்ற இசைக்கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் படம். 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மகாராஜா அதைப் பரிசாகக் கொடுத்தார். 1876இல் சென்னைக்கு அனுப்பிய சகுந்தலை படத்தை ஆளுநர் பக்கிங்காம் பிரபு வாங்கிக்கொண்டார். பிறகு ரவி வர்மா அந்தப் பிரபுவையே வரைந்தார். பக்கிங்காம் கால்வாய் என்று புவியியலில் படித்தீர்களே, அந்தப் பெயருக்கு உரியவர்தான்.

புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பம், மைசூர், பரோடா, உதய்ப்பூர் என்று அரண்மனை அரண்மனையாக அழைப்பு வந்தது. பரோடாவுக்குப் போக வழி செய்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவ ராவ். முன்பு திருவிதாங்கூர் திவானாக இருந்தவர், பிறகு பரோடா திவானாக ஆனவர். இத்தனை முகங்களிலும் எனக்குப் பிடித்தது அரசர் எவருடைய முகமும் அல்ல. 1893இல் வரைந்த ஒரு படத்தில் அவருடைய மகள் மகாபிரபா கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார். குழந்தையின் அப்பா வந்துகொண்டிருக்கிறார், அம்மா கை நீட்டிக் காட்டுகிறாள். "அதோ அப்பா" என்பதுதான் படத்தின் பெயரே. அந்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன அவருடைய பத்து ஓவியங்களில் இதுவும் ஒன்று. அங்கே பதக்கங்கள் கிடைத்தன.

இந்த வேலை எதையும் அவர் தனியாகச் செய்யவில்லை. தம்பி சி. ராஜ ராஜ வர்மா கூடவே இருந்தார். அவரும் நல்ல ஓவியர், இயற்கைக் காட்சி வரைவதில் கெட்டிக்காரர். பயணம், கணக்கு, கடிதம், படத்தின் பின்னணி என்று எல்லாவற்றிலும் அண்ணனுக்குத் தோள் கொடுத்தார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பால்தான் அண்ணனின் பிற்கால வாழ்க்கை நமக்கு இவ்வளவு விவரமாகத் தெரிகிறது. 1905இல் தம்பி இறந்தார். மறு ஆண்டு அக்டோபர் 2 அன்று அண்ணனும் போய்விட்டார்.

இப்போது அந்த லட்சுமி படத்துக்கு வருகிறேன். ஓவியங்களை அச்சிட்டால் எல்லா மக்களுக்கும் போய்ச் சேரும் என்று ரவி வர்மாவுக்கு எடுத்துச் சொன்னவர்களில் மாதவ ராவும் ஒருவர். 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரமும் ஆட்களும் வந்தார்கள். கல்லச்சு முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வீதம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் பதிப்பார்கள். இம்மி பிசகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். வியாபாரத்தில் அவருக்குக் கடன்தான் மிஞ்சியது. அச்சகத்தை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கு விற்க வேண்டி வந்தது. ஆனால் கோயிலுக்குள் போகவே அனுமதி இல்லாதிருந்த மக்களின் வீட்டுச் சுவரிலும் லட்சுமியும் சரசுவதியும் வந்து நின்றார்கள். ஒரு காலத்தில் அவரிடமிருந்து மறைத்து வைத்த ஒரு வித்தை, கடைசியில் காசு கொடுத்து யாரும் வாங்கும் படமாக ஊர் ஊராகப் போயிற்று.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். ராமசுவாமி நாயக்கரைக் கெட்டவர் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. அவர் ஊரை விட்டு வந்தவர். மன்னரின் தயவுதான் சோறு. அவரிடம் நிலம் போல இருந்த ஒரே சொத்து அந்த வித்தை. எதிரில் நிற்பதோ அரண்மனைக்கு வேண்டிய குடும்பத்துப் பையன். அந்தப் பையன் கற்றுக்கொண்டால் தன் கதி என்ன என்று அவர் பயந்தது பொய்யான பயம் அல்ல. நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத் தொழிலிலும் இதே கேள்வி உண்டு. மரத்தின் ரேகை பார்த்து உளி வைக்கும் பக்குவம் அப்பனிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்த ஒன்று. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தொழிலாளிக்குத் தன் வித்தையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பாதுகாப்பு இருந்தால், அவன் பிறருக்குச் சொல்லத் தயங்க மாட்டான். நாயக்கருக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆனால் அதே நிலையில்தான் ஆறுமுகம் பிள்ளையும் இருந்தார். சொல்லப்போனால் அவர் நிலை இன்னும் மோசம். நாயக்கருக்கு மன்னரின் ஆதரவாவது இருந்தது, இவர் மாணவர்தான். குருவுக்குத் தெரிந்தால் இடம் போய்விடும். அப்படி இருந்தும் சொல்லிக் கொடுத்தார். ரவி வர்மா வரைந்த மகாராஜாக்கள், திவான்கள், ஆளுநர்கள் முகமெல்லாம் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் அவருடைய ஓவியங்கள் உண்டு, சென்னையில் இருக்கும் பிள்ளைகள் குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். அந்த முகங்களுக்கெல்லாம் பின்னால் ஆறுமுகம் பிள்ளை சொன்ன முதல் பாடம் இருக்கிறது. வரலாற்று நூல்களிலோ அவருக்கு ஓரிரு வரிகள்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்றவன் நான். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொஞ்சம் கனக்கும். மாணவரின் புகழில் ஆசிரியருக்குப் பங்கு வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லிக் கொடுத்தவரின் பெயரைச் சொல்வதற்கு ஒரு காசும் செலவில்லையே.

அப்படிச் சொன்ன ஒரு வழியும் நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. சிவகாசிக் காலண்டர் படங்களை வரைந்த சி. கொண்டையராஜுவை நினைத்துப் பாருங்கள். 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கோவில்பட்டியில் வந்து தங்கினார். அவரிடம் கற்ற டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்றவர்களும் காலண்டர் ஓவியர்களாகப் பெயர் பெற்றார்கள். அந்தக் காலத்துச் சாமி படங்கள் சிலவற்றில் கீழ் ஓரத்தைப் பார்த்தால் கொண்டையராஜு பெயரும் சுப்பையா பெயரும் சேர்ந்தே இருக்கும். குருவும் சீடனும் ஒரே படத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய காலண்டர் படம் இருந்தால் எடுத்துத் தூசி தட்டி அந்த ஓரத்தைப் படித்துப் பாருங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரவி வர்மாவின் மகன் ராம வர்மா 1915இல் மாவேலிக்கரையில் அப்பா பெயரில் ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்று அது நுண்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அப்பா மறைவாகக் கற்றதை மகன் பகிரங்கமாகப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுத்தார் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பிள்ளைகளே, இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். பள்ளி ஆசிரியர்களை விட்டுவிடுங்கள், எங்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலாவது இருக்கும். பட்டறையிலோ, ஒர்க்ஷாப்பிலோ, தையல் கடையிலோ, மலையில் கடுக்காய் பொறுக்கப் போன இடத்திலோ, அலுவலகத்தில் முதல் நாள் கம்ப்யூட்டர் முன்னாலோ, "இப்படிச் செய்யப்பா" என்று உங்கள் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்த ஒருவர் இருப்பார். அவர் பெயரையும் அவர் என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதையும் இரண்டு வரி கீழே எழுதுங்கள். அவர் இருக்கிறார் என்றால் முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள். பல வருடமாக நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் அதற்கு இது ஒரு சாக்காக இருக்கட்டும்.

உறவுகளில் பெரியவர்கள் தட்டச்சு செய்யச் சிரமமாக இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் எழுதிப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
வடக்கனந்தல்.